உணவுக்குழாய்ப் புற்றுநோயும் நுண் ஆர்.என்.ஏ.வும்

காஸ்பியன் கடலின் தென்கிழக்கே, இன்றைய ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் கும்பதே காவூஸ் என்னும் நகரம் இருக்கிறது. ஹிஜ்ரி 397-இல், அதாவது கி.பி. 1006-07-இல், காபூஸ் இப்னு வஷ்மகீர் என்னும் ஆட்சியாளர் எழுப்பிய உயர்ந்த செங்கற் கோபுரத்தால் அந்நகர் இப்பெயர் பெற்றது. 'கும்பத்' என்னும் பாரசீகச் சொல்லும் நாம் தமிழில் வழங்கும் 'கும்மட்டம்' என்னும் சொல்லும் உறவுடையவை. இடைக்கால ஜுர்ஜான் நகரின் இடிபாடுகள் இக்கோபுரத்திற்கு அண்மையிலேயே உள்ளன. காபூஸின் ஆதரவை நாடி இப்னு ஸீனா ஜுர்ஜானை நோக்கிப் புறப்பட்டதும், அவர் வந்து சேர்வதற்குள் காபூஸ் சிறைப்பட்டு இறந்ததும், பின்னர் அந்நகரில் தங்கியே அவர் 'அல்-கானூன் ஃபித்-திப்' நூலின் தொடக்கத்தை எழுதியதும் அவருடைய மாணவர் அபூ உபைத் அல்-ஜூஸ்ஜானீ வழியாக நமக்குக் கிடைக்கும் செய்திகளாகும்.

மருத்துவத்தின் மாபெரும் நூல் ஒன்று தொடங்கப்பெற்ற அதே மண், இருபதாம் நூற்றாண்டில் வேறொரு காரணத்தால் மருத்துவ உலகின் பார்வையை ஈர்த்தது. 1970-களில் ஈரானிய ஆய்வாளர்களும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து காஸ்பியன் கரையோரத்தில் நடத்திய ஆய்வில், கும்பத் வட்டாரத்துத் துருக்மேனிய மக்களிடையே ஆண்டுக்கு லட்சத்துக்கு நூறுக்கும் மேற்பட்டோர் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளாவது தெரியவந்தது. உலகில் எங்கும் பதிவான மிக உயர்ந்த அளவுகளுள் அது ஒன்று. அங்கிருந்து மத்திய ஆசியாவின் ஊடாக வட சீனா வரை நீளும் நிலப்பகுதியை 'உணவுக்குழாய்ப் புற்றுநோய் வளையம்' என்றே மருத்துவ நூல்கள் அழைக்கின்றன.

இந்நோயைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். 2024 அக்டோபரில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு நுண் ஆர்.என்.ஏ. கண்டுபிடிப்புக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவருக்கு அறிவிக்கப்பட்டது. அதன் பின் சில மாதங்கள் கழித்து, என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். அவருடைய தந்தைக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இட்லி இறங்கவில்லை. இப்பொழுது கஞ்சி மட்டுமே. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்று இருப்பது உறுதியாகியிருந்தது. அவர் கையில் ஒரு நாளிதழ் நறுக்கும், இரத்தத்தில் நுண் ஆர்.என்.ஏ.வை அளந்து நோயின் போக்கைக் கூறுவதாக ஒரு சோதனைக்கூடம் வெளியிட்ட விளம்பரமும் இருந்தன. "ஹள்ரத், இந்தச் சோதனையைச் செய்தால் அத்தா பிழைப்பாரா மாட்டாரா என்று தெரிந்துவிடுமாம். இதிலிருந்தே மருந்தும் வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டார். அரபி இலக்கணம் கற்பிப்பவனிடம் கேட்கத்தக்க வினா அன்று அது. ஆயினும் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டதால் மறுக்க மனம் வரவில்லை. படித்தறிந்ததை மருத்துவ நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்ட பின் இங்கு எழுதுகிறேன்.

நோயின் இயல்பு

உணவுக்குழாயை அரபியில் 'மரீஉ' என்பர். உண்டது தடையின்றி இனிதே இறங்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. சூரத்துந் நிஸாவின் நான்காம் வசனத்தில் அவ்வேர்ச்சொல் இடம்பெறுவதை வாசகர் அறிவர். ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள இக்குழாய் நெகிழ்ந்து விரியக்கூடியது. அந்நெகிழ்ச்சியே நோயாளிக்குப் பகையாகிறது. புற்று வளர்ந்து வழியின் பெரும்பகுதியை அடைக்கும் வரை, குழாய் விரிந்து கொடுத்து உணவை இறக்கிவிடுகிறது. விழுங்குவது கடினமாகி மருத்துவரிடம் செல்லும்போது நோய் முற்றியிருக்கிறது. குடலுக்கு இருப்பதைப் போன்ற வெளியுறை இக்குழாய்க்கு இல்லாமையால், அருகிலுள்ள உறுப்புகளுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் அது எளிதில் பரவியும் விடுகிறது. அமெரிக்காவிலேயே இந்நோய் கண்டோருள் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்வோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்தாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 5,11,000 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். சுமார் 4,45,000 பேர் இறந்தனர். இவ்விரு எண்களின் நெருக்கமே நோயின் கொடுமையைக் காட்டும்.

இதில் இரு வகைகள் உண்டு. குழாயின் உட்புறத்தே படிந்துள்ள தட்டையான உயிரணுக்களில் தோன்றுவது செதிளணுப் புற்று. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பான்மையாகக் காணப்படுவது இதுவே. இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி, குழாயின் கீழ்ப்பகுதி உயிரணுக்கள் உருமாறி, அதன்மேல் தோன்றுவது சுரப்பிப் புற்று. இது மேலை நாடுகளில் மிகுதி. இரண்டும் ஒரே குழாயில் தோன்றினாலும் இரு வேறு நோய்கள் எனக் கொள்ளுமளவு வேறுபட்டவை. பின்னர்க் கூறப்போகும் குறிகாட்டிகளும் இரண்டுக்கும் ஒன்றல்ல.

மேலை நாட்டு நூல்கள் செதிளணுப் புற்றுக்கு மதுவையும் புகையையும் முதற்காரணங்களாகக் கூறும். கோலெஸ்தானிலோ மது அருந்துவோர் மிகச் சிலர்; புகைபிடிப்போரும் குறைவு. அங்கே ஏன் இத்துணை மிகுதி என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அதனை ஆராய 2004 முதல் 2008 வரை அம்மாகாணத்தில் 50,045 பேரைச் சேர்த்து, ஆண்டுதோறும் அவர்களைப் பின்தொடரும் பேராய்வு ஒன்று தெஹ்ரான் பல்கலைக்கழக ஆய்வாளரால் தொடங்கப்பட்டது. காய்கனி குறைந்த உணவு, அபினிப் பழக்கம், வறுமை என்பன ஒருபுறமிருக்க, 2009-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு தேநீரின் சூட்டைச் சுட்டியது. 65 பாகைக்குக் குறைந்த சூட்டில் அருந்துவோரைக் காட்டிலும் 70 பாகையோ அதற்கு மேலோ உள்ள தேநீரை அருந்துவோர்க்கு நோயின் வாய்ப்பு ஏறத்தாழ எட்டு மடங்காக இருந்தது. தேநீரின் மீது குற்றமில்லை, குற்றம் சூட்டினுடையது. 2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 பாகைக்கு மேற்பட்ட எப்பானமும் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என வகைப்படுத்தியது. நம் பக்கத்தில் இவ்விடத்தை வகிப்பது வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் ஆகும். அவை வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பதைப் பலரும் அறிவர். உணவுக்குழாய்ப் புற்றையும் உண்டாக்கும் என்று அதே முகமை தீர்மானித்திருப்பதை அறிந்தோர் சிலரே.

புழுவில் கிடைத்த திறவுகோல்

இனி நுண் ஆர்.என்.ஏ.வுக்கு வருவோம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மூலப்பிரதி இருக்கிறது. அதிலிருந்து தேவையான பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அத்தூதைப் படித்து உயிரணு புரதத்தைச் செய்கிறது. தசையின் உயிரணுவிலும் நரம்பின் உயிரணுவிலும் மூலப்பிரதி ஒன்றே. எந்தப் பகுதி படிக்கப்படுகிறது, எது படிக்கப்படாமல் விடப்படுகிறது என்பதே இரண்டையும் வேறுபடுத்துகிறது. ஆகவே எழுதப்பட்டதைக் காட்டிலும் எதை வாசிப்பது என்பதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடே உயிரின் நுட்பம் எனலாம்.

அவ்வேற்பாட்டின் ஒரு பெரும் பகுதி 1993 வரை எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றின் வளர்ச்சிக் குறைபாட்டை ஆம்ப்ரோஸும் ருவ்குனும் தனித்தனியே ஆராய்ந்து வந்தனர். 'லின்-4' என்னும் மரபணு 'லின்-14' என்னும் மரபணுவை அடக்குகிறது என்பது தெரிந்திருந்தது. ஆனால் லின்-4 எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. அதிலிருந்து பிறந்தது வெறும் 22 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. துண்டு மட்டுமே. தம் கண்டுபிடிப்புகளை இருவரும் ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அத்துண்டின் எழுத்துகள் லின்-14-இன் தூதிலுள்ள எழுத்துகளோடு இணை சேர்வதைக் கண்டனர். இணை சேர்ந்தால் தூது வாசிக்கப்படாமல் நின்றுவிடுகிறது. இது புழுவுக்கு மட்டும் உரிய விந்தை என்றெண்ணி அறிவியல் உலகம் ஏழாண்டுகள் வாளாவிருந்தது. 2000-இல் ருவ்குனின் ஆய்வுக்கூடம் 'லெட்-7' என்னும் மற்றொன்றைக் கண்டறிந்தது. அது மனிதர் உட்பட உயிரினங்கள் பலவற்றிலும் ஒரே வடிவில் இருப்பது தெரிந்தபோதுதான் இதன் பெருமை உணரப்பட்டது. மனிதரிடம் இத்தகையவற்றுக்கான மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன என்பர்.

அரபிக் கல்லூரிச் சூழலில் உள்ளோர்க்கு இதனை ஸுகூன் கொண்டு விளக்கலாம். ஓர் எழுத்தின்மேல் சிறு வட்டமாக ஸுகூன் இடப்படும்போது எழுத்து அழிக்கப்படுவதில்லை. அதன் இயக்கம் நிறுத்தப்படுகிறது. உரு சிறிது, விளைவு பெரிது. உவமை முழுதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: நுண் ஆர்.என்.ஏ. படிந்த தூது பலவேளைகளில் சிதைக்கப்பட்டும் விடுகிறது. வேறொரு வேறுபாடு இதனினும் இன்றியமையாதது. இத்துண்டின் 22 எழுத்துகளுள் முன்பகுதியிலுள்ள ஏழு எழுத்துகள் பொருந்தினாலே போதும், அது தூதோடு இணைந்துவிடும். ஏழெழுத்துத் தொடர் பற்பல தூதுகளில் காணப்படுமாதலால், ஒரே நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களின்மேல் கை வைக்கிறது. இதை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். மருத்துவப் பகுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

புற்றுநோயோடு இதற்குள்ள தொடர்பை 2002-இல் கார்லோ குரோச்சேயின் குழு முதலில் காட்டியது. ஒருவகை இரத்தப் புற்றில், பதின்மூன்றாம் குரோமோசோமில் வழக்கமாக அழிந்துபோகும் ஒரு பகுதியில் புரத மரபணுவைத் தேடித் தேடிக் காணாமல் சலித்திருந்த வேளையில், அங்கே மிர்-15, மிர்-16 என்னும் இரு நுண் ஆர்.என்.ஏ.க்கள் இருப்பது தெரியவந்தது. அவை உயிரணுவின் பெருக்கத்தை அடக்குபவை. காவலர் இல்லாமற்போகவே உயிரணுக்கள் கட்டின்றிப் பெருகின. இதற்கு மாறாக, சில நுண் ஆர்.என்.ஏ.க்கள் அளவுக்கு மிஞ்சினாலும் கேடு. மிர்-21 அத்தகையது. பெருக்கத்தைத் தடுக்கும் பி.டி.சி.டி.4 என்னும் புரதத்தின் தூதை அது அடக்குகிறது. காவலரையே வாய்மூடச் செய்கிறது. உணவுக்குழாயின் செதிளணுப் புற்றில் மிர்-21 மிகுந்திருப்பதையும், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட அப்புற்றணுக்களில் அதனைத் தடுத்தால் பெருக்கமும் பரவும் ஆற்றலும் குறைவதையும் ஜப்பானிய ஆய்வாளர் 2009-இல் காட்டினர்.

தக்திமதுல் மஃரிஃபா

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸின் நூல்களுள் நோயின் போக்கை முன்னறிவது பற்றிய ஒன்றை அரபியர் 'தக்திமதுல் மஃரிஃபா' என்னும் பெயரால் அறிந்திருந்தனர். 'முற்படுத்திய அறிவு' என்பது அதன் பொருள். என்ன நோய் என்று கூறுவது ஒரு கலை. அந்நோய் இனி எவ்வாறு நடக்கும் என்று கூறுவது வேறொரு கலை. பண்டைய மருத்துவர் முகத்தின் நிறத்தையும் மூச்சின் ஓட்டத்தையும் சிறுநீரையும் கொண்டு இதனைச் செய்தனர். மறைவானதை அறிந்ததாக அவர்கள் உரிமை கொண்டாடியதில்லை. முன்பு இவ்வடையாளத்தோடு கண்ட நோயாளிகள் பலர் எவ்வாறு முடிந்தனர் என்ற அனுபவத்தையே அவர்கள் கூறினர். இன்றைய முன்கணிப்புக் குறிகாட்டிகளும் அதனினும் மேலான எதையும் கூறுவன அல்ல. அஜல் பற்றிய கேள்விக்கு அவற்றிடம் விடையில்லை.

உணவுக்குழாய்ப் புற்றில் நுண் ஆர்.என்.ஏ. என்ன கூறுகிறது? 2008-இல் சீன ஆய்வாளர், அறுவையில் எடுக்கப்பட்ட செதிளணுப் புற்றுத் திசுக்களை ஆராய்ந்து, மிர்-103, மிர்-107 ஆகியவை மிகுந்திருந்தோர் குறைந்த காலமே வாழ்ந்ததாகக் கண்டனர். 2009-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்தோர் பல நாட்டு நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்னும் வியப்புக்குரியது. செதிளணுப் புற்று நோயாளிகளிடம், புற்றுக்கு அருகேயுள்ள, புற்றில்லாத திசுவில் மிர்-21 மிகுந்திருந்தாலே நோயின் போக்கு தீயதாக இருந்தது. நோய் வாய்ப்பட்ட இடத்தைச் சூழ்ந்துள்ள மண்ணும் முன்னரே மாறிவிடுகிறது போலும். சுரப்பிப் புற்றிலோ, அமிலத்தால் உருமாறிய குழாயில் தோன்றியவற்றில், மிர்-375 குறைந்திருப்பதே தீய அடையாளமாக அமைந்தது.

திசுவை அறுத்தெடுக்காமலே இதனை அறிய இயலுமா என்பது அடுத்த வினா. ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும் பொருள். இரத்தத்தில் அது நிலைக்காது என்றே நெடுங்காலம் கருதினர். 2008-இல் வெளிவந்த ஆய்வுகள் நுண் ஆர்.என்.ஏ.க்கள் இரத்த நீரில் சிதையாது நிலைத்திருப்பதை மெய்ப்பித்தன. நுண்குமிழ்களுக்குள்ளும் புரதங்களோடு பிணைந்தும் அவை காக்கப்படுகின்றன. 2011-இல் ஜப்பானின் கியோட்டோவில் 50 நோயாளிகளையும் நலமுள்ள 20 பேரையும் ஒப்பிட்டபோது, நோயாளிகளின் இரத்த நீரில் மிர்-21 மிகுந்தும் மிர்-375 குறைந்தும் காணப்பட்டன. மிர்-21 உயர்ந்திருந்தோர்க்கு நோய் மீண்டும் தலையெடுப்பதும் மிகுதியாக இருந்தது. அறுவைக்குப் பின் மிர்-21-இன் அளவு இறங்கவும் செய்தது.

இதுகாறும் கூறியதைப் படிப்பவர், பின் ஏன் இச்சோதனை ஒவ்வொரு மருத்துவமனையிலும் செய்யப்படவில்லை என்று கேட்கலாம். அதற்கான விடையில்தான் என் மாணவருக்குரிய விடையும் இருக்கிறது.

முதலாவதாக, 50 பேர், 100 பேர் எனச் சிறு எண்ணிக்கையில் ஒரு நகரில் செய்யப்பட்ட ஆய்வுகள் இவை. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு ஓர் அறிவிப்பாளர் வழியாக மட்டும் வரும் செய்திக்கும் பல வழிகளில் தொடர்ந்து வரும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஒரு கூடம் சுட்டிய நுண் ஆர்.என்.ஏ.வை மற்றொரு கூடம் காணாமற்போவது இத்துறையில் அரிதன்று. மிர்-21 மட்டும் பெரும்பாலும் எல்லா வழிகளிலும் வந்து சேர்கிறது. அதுவே அதன் வலிமை. ஆனால் மார்பு, நுரையீரல், குடல் எனப் பல உறுப்புகளின் புற்றிலும், வெறும் அழற்சியிலுங்கூட அது மிகும். எதற்கும் சாட்சி சொல்ல வருபவரின் சாட்சியத்தைக் காழீ எவ்வளவு ஏற்பார்?

இரண்டாவது தடை மிகச் சாதாரணமானது. ஆயினும் பலரை ஏமாற்றியது. இரத்தம் எடுக்கும்போதோ வைத்திருக்கும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றினுள் நிறைந்துள்ள மிர்-16, மிர்-451 ஆகியவை நீரில் கலந்துவிடும். அளவுகோலாகவே மிர்-16-ஐக் கொண்டிருந்த ஆய்வுகள் உண்டு. அளக்கும் முழமே நீண்டு சுருங்கினால் துணியின் அளவு என்னாகும்?

மூன்றாவதே தலையாயது. மிர்-21 மிகுந்த நூறு பேரையும் குறைந்த நூறு பேரையும் ஒப்பிட்டால் முதற்குழுவில் முன்னதாக இறந்தோர் அதிகம் என்பதே ஆய்வின் கூற்று. அந்நூறு பேருள் நெடுநாள் வாழ்ந்தோரும் இருப்பர். மற்ற நூறு பேருள் விரைந்து இறந்தோரும் இருப்பர். நம் முன் அமர்ந்திருக்கும் ஒருவர் இவர்களுள் யார் என்பதை அது கூறாது. குழுவைப் பற்றிய அறிவைத் தனி மனிதரின் தலையெழுத்தாக வாசிக்கும்போதுதான் விளம்பரம் பிறக்கிறது.

அப்படியாயின் முன்கணிப்பால் பயனில்லையா? உண்டு, எந்த மருத்துவத்தை யாருக்கு அளிப்பது என்பதை அது முடிவு செய்ய உதவினால் உண்டு. 2012-இல் நெதர்லாந்து மருத்துவர் வெளியிட்ட ஓர் ஆய்வு, அறுவைக்கு முன் வேதி மருந்தும் கதிர்வீச்சும் அளித்தால் நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 24 மாதங்களிலிருந்து 49 மாதங்களாக உயர்வதைக் காட்டியது. அவ்வாறு மருத்துவம் பெற்ற செதிளணுப் புற்றாளருள் ஏறக்குறைய பாதிப் பேரிடம், பின்னர் அறுத்தெடுத்த குழாயில் புற்றணு ஒன்றுமே எஞ்சவில்லை. அப்பாதிப் பேர் யார் என்பது முன்னரே தெரிந்திருந்தால், கொடிய அறுவை ஒன்றை அவர்கள் தவிர்த்திருக்கலாமே! நுண் ஆர்.என்.ஏ. ஆய்வாளரின் உண்மையான இலக்கு இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்நாட்டு மருத்துவரே பின்னர் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், புற்று மறைந்ததாகத் தோன்றியோரை உடனே அறுக்காமல் கண்காணித்துவருவது இயலும் எனக் கண்டனர். ஆனால் அக்கண்காணிப்பு எண்டோஸ்கோப்பியாலும் திசு ஆய்வாலும் ஊடுகதிர்ப் படங்களாலும் நடந்ததேயன்றி நுண் ஆர்.என்.ஏ.வால் நடந்ததன்று.

மருந்தாகுமா?

கருத்தளவில் வழி எளிது. குறைந்துபோன நுண் ஆர்.என்.ஏ.வைச் செயற்கையாகச் செய்து உட்செலுத்தலாம். மிகுந்ததை அதற்கு இணையான எழுத்துத் தொடரால் கட்டிப்போடலாம். பின்னதற்கு ஒரு நற்சான்றும் கிடைத்தது: ஈரலழற்சி சி கிருமி தன் பெருக்கத்திற்குப் பயன்படுத்திக்கொள்ளும் மிர்-122-ஐத் தடுக்கும் மிராவிர்சென் என்னும் மருந்து நோயாளிகளிடம் கிருமியின் அளவைக் குறைத்தது 2013-இல் வெளியானது. ஆனால் அக்காலத்தே அக்கிருமியை அடியோடு ஒழிக்கும் மாத்திரைகள் வந்துவிட்டமையால் அது பின்தங்கிற்று.

புற்றுநோயில் முதன்முதலாக மனிதரிடம் சோதிக்கப்பட்டது எம்.ஆர்.எக்ஸ்.34. புற்றை அடக்கும் மிர்-34-இன் செயற்கை வடிவத்தைக் கொழுப்புக் குமிழ்களில் பொதிந்து இரத்தத்தில் செலுத்தினர். 2013-இல் தொடங்கிய அச்சோதனையில் பல்வேறு உறுப்புகளில் முற்றிய புற்றுடைய 85 பேர் மருந்து பெற்றனர். மூவருக்குப் புற்று சுருங்கிற்று. 16 பேருக்குச் சிறிது காலம் வளராமல் நின்றது. நால்வர் மருந்தினால் எழுந்த நோய்த்தடுப்பு மண்டலக் கொந்தளிப்பால் இறந்தனர். 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது. முன்னர் நினைவிற் கொள்ளும்படி வேண்டியது இங்கே பொருளாகிறது: ஒரே துண்டு நூற்றுக்கணக்கான தூதுகளைத் தொடுவது. புற்றணுவில் அது நற்பண்பு. பல திசைகளிலிருந்தும் ஒருங்கே தாக்கும். நோய்த்தடுப்பு அணுக்களில் புகுந்தாலோ விளைவை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆஸ்திரேலியர் மிர்-16-ஐ, உயிரற்ற பாக்டீரிய உறைகளில் பொதிந்து, புற்றணுவை நாடிச் செல்லும் எதிர்ப்புரதத்தையும் அவற்றின்மேல் ஒட்டி, நுரையீரல் உறைப் புற்றுக்கு அளித்தனர். அளவிடப்பட்ட 22 பேருள் ஒருவருக்குப் புற்று சுருங்கியது, 15 பேருக்கு வளராமல் நின்றது, அறுவருக்கு வளர்ந்தது.

இச்சோதனைகளெல்லாம் வேறு உறுப்புகளைப் பற்றியனவாயிற்றே என வாசகர் கேட்பது நியாயம். உணவுக்குழாய்ப் புற்றுக்கென ஒப்புதல் பெற்ற நுண் ஆர்.என்.ஏ. மருந்து ஒன்றேனும் இன்றில்லை. எப்புற்றுக்கும் இல்லை. இதன் உறவினமான, ஒரே ஒரு தூதை மட்டும் குறிவைக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்துகள் 2018 முதல் ஒப்புதல் பெற்று வருகின்றன. ஆயினும் அவற்றின் களம் பெரும்பாலும் ஈரலே. இரத்தத்தில் விட்டவற்றை ஈரல் தானாகவே ஈர்த்துக்கொள்ளும். அதன் உயிரணுக்களின் வாயிலைத் திறக்கும் சர்க்கரைச் சாவியும் கிடைத்துவிட்டது. உணவுக்குழாய்க்கு அத்தகைய சாவி இன்னும் கைவரவில்லை. எலிகளில் ஒட்டிவைத்த மனிதப் புற்று சுருங்கியதாக வரும் செய்திகளை இவ்வளவில் வைத்தே படிக்க வேண்டும்.

இன்று கையில் உள்ளவை எவை? வேதி மருந்து, கதிர்வீச்சு, அறுவை. அவற்றுக்குப் பின்னும் புற்று எஞ்சியிருப்பின், நோய்த்தடுப்பு மண்டலத்தின் கட்டை அவிழ்க்கும் நிவோலுமாப் போன்ற மருந்து. இவற்றினும் மேலானது முற்றுமுன் காண்பது. அயோடின் கரைசலைக் குழாயின் உட்புறத்தே தெளித்தால் நலமான செதிளணுக்கள் பழுப்பு நிறம் பெறும். மாறத்தொடங்கிய இடம் நிறம் ஏறாமல் வெளிறித் தெரியும். வட சீனாவின் சிசியன் வட்டாரத்துச் சிற்றூர்களில் நாற்பது வயது கடந்தோரை இம்முறையால் ஒருமுறை சோதித்து, மாறிய இடங்களை நீக்கி, பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். அவ்வூர்களில் இந்நோயால் இறந்தோர் 3.35 விழுக்காடு, சோதிக்கப்படாத ஊர்களில் 5.05 விழுக்காடு. ஒரு குப்பி அயோடினும் ஒரு குழாயும் செய்த வேலை இது.

உணவு இறங்காதோரை உயிரோடு காத்து மருத்துவம் முடியும் வரை கொண்டு செலுத்துவதும் மருத்துவமே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர், தம் 'அத்-தைஸீர்' நூலில், குழாய் அடைபட்டோர்க்கு வெள்ளியாலோ வெள்ளீயத்தாலோ செய்த குழலைத் தொண்டையில் இறக்கிப் பால் புகட்டுவதைக் குறிப்பிட்டுள்ளார். என் மாணவரின் அத்தாவுக்கு மூக்கின் வழியே மெல்லிய குழாய் இட்டிருந்தனர். அதைப் பார்த்ததும் அப்பக்கமே என் நினைவுக்கு வந்தது.

இரத்தச் சோதனை பற்றி அவரை அவருடைய மருத்துவரிடமே கேட்கச் சொன்னேன். "விடை எதுவாக வந்தாலும் நான் கொடுக்கப்போகும் மருத்துவம் மாறாது, அந்தப் பணத்தைச் சத்துணவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் கூறினாராம். கதிர்வீச்சு தொடங்கிவிட்டது. அத்தா நாற்பதாண்டுகளாகப் புகையிலை சேர்த்து வெற்றிலை மெல்லுபவர்; சாச்சாவும் அவ்வாறே. சாச்சாவுக்குச் சில வாரங்களாகச் சோறு இறங்கும்போது நெஞ்சில் நிற்பது போலிருக்கிறதாம். வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா குடித்து வருகிறாராம். அதை அவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுக் கடந்தார். நான் அவரை நிறுத்தி மீண்டும் கேட்டேன். மறுநாளே சாச்சாவை அழைத்துக்கொண்டு எண்டோஸ்கோப்பிக்குச் சென்றார்.